கான்வென்ட் ஸ்கூல் தமிழ் மன்றம், நாடகம், சீனியர் ஃபேர்வெல்: ஒரு வருஷத்துக்கான முழு வழிகாட்டி

சிங்கப்பூர்ல கான்வென்ட் ஸ்கூல்ல செகண்டரி த்ரீக்கு வரப்போற, தமிழ் மன்றத்துலயோ டிராமா கிளப்லயோ எக்ஸ்கோவுக்கு (நிர்வாகக் குழு) பேர் அடிபடுற பிள்ளைங்களுக்காக இத எழுதுறேன். நானும் கத்தோலிக்க பெண்கள் பள்ளியில படிச்சவதான், இப்ப அந்த மாதிரி ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நாடகம் சொல்லிக் கொடுக்கிறேன், வருஷா வருஷம் யாராவது ஒருத்தி வந்து கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "அக்கா, சீனியர்ஸுக்கு என்ன கிஃப்ட் வாங்கலாம்?" கிஃப்ட்ட கடைசியா பாத்துக்கலாம் தங்கச்சிங்களா. ஃபேர்வெல் நல்லா இருக்கணும்னா சீனியர் போறப்ப ஒப்படைக்க அவங்க கையில ஏதாவது இருக்கணும், வாங்கிக்க உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அது இல்லாம கேக் வெட்டி போட்டோ எடுத்துட்டு போனா அடுத்த ஜனவரில மன்றம் மறுபடி பூஜ்யத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கும். அதனால ஃபேர்வெல் தேதிய முதல்ல வச்சு, அங்கேருந்து பின்னோக்கி கணக்கு போடுற மாதிரி சொல்றேன்.

படி 1: காலண்டர எடுத்து மூணு தேதி குறிங்க

நம்ம ஸ்கூல் வருஷம் நாலு டெர்ம், டெர்முக்கு பத்து வாரம். மார்ச்ல ஒரு வாரம் லீவு, ஜூன்ல நாலு வாரம், செப்டம்பர்ல ஒரு வாரம். செகண்டரி ஃபோர் அக்காங்களுக்கு டெர்ம் 3 வந்தாலே ஓரல், ப்ரிலிம்னு மூச்சு விட நேரம் இருக்காது, டெர்ம் 4 முழுக்க பரீட்சைதான். அப்ப அவங்க நிம்மதியா மேடை ஏறக்கூடிய கடைசி காலம் டெர்ம் 2. 2023லேர்ந்து மிட் இயர் பரீட்சையும் எல்லா லெவலுக்கும் எடுத்தாச்சு, அதனால டெர்ம் 2ல முன்ன இருந்ததவிட இடம் இருக்கு. என் கணக்கு இது: நாடகம் டெர்ம் 2 ஆறாவது ஏழாவது வாரம், ஃபேர்வெல் எட்டாவது ஒம்பதாவது வாரம். பத்தாவது வாரத்துல வைக்காதீங்க, பாதி பேர் மனசு லீவுக்குப் போயிருக்கும். 2027லேர்ந்து ஓ லெவல், N லெவல் பரீட்சைங்களுக்குப் பதிலா எஸ்இசின்னு ஒரே பரீட்சை வருது, உங்க பேட்ச் அதுல இருந்தா அந்த டைம்டேபிள பக்கத்துல வச்சுக்கிட்டுதான் தேதி குறிக்கணும்.

எஸ்ஒய்எஃப் வருஷமான்னும் பாருங்க. எஸ்ஒய்எஃப்னா சிங்கப்பூர் இளையர் விழா, ஸ்கூல்லாம் ஜட்ஜ் முன்னாடி கலை நிகழ்ச்சி போடுறது, 1967லேர்ந்து நடக்குது, இப்ப கோல்ட் சில்வர் கெடையாது, டிஸ்டிங்ஷன், அக்கம்ப்ளிஷ்மெண்ட், கமெண்டேஷன்னு சர்டிஃபிகேட். உங்க மன்றம் அதுக்குப் போகுதுன்னா தயவுசெஞ்சு ரெண்டாவதா ஒரு நாடகம் எழுதி உயிர வாங்காதீங்க, எஸ்ஒய்எஃப்ல போட்ட அதே நாடகத்த கொஞ்சம் நீட்டி, கட் பண்ண சீன்லாம் திரும்பச் சேத்து, அம்மா அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்க. பிள்ளைங்களுக்கு வசனம் ஊறிப்போயிருக்கும், ஜட்ஜ் இல்லாததால கை காலும் தளர்ந்து ஆடும், சில சமயம் எஸ்ஒய்எஃப்ப விட அதுதான் நல்லா வரும்.

அப்புறம் சாமி காலண்டர். கத்தோலிக்க ஸ்கூல்ல இத பாக்காம தேதி போட்டா மாட்டுவீங்க. விபூதி புதன், அன்னிக்கு ஆரம்பிக்கிற தவக்கால நோன்பு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் வருஷா வருஷம் நகரும். ரமலான் நோன்பு வருஷத்துக்கு பத்து பதினோரு நாள் முன்னாடி வந்துகிட்டே இருக்கும். 2026ல பாத்தீங்கன்னா சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, மறுநாளே விபூதி புதன், அதே வாரத்துல நோன்பும் ஆரம்பிச்சுது. அந்த வாரத்துல போய் "வெல்கம் டீ"ன்னு சமோசா ஆர்டர் பண்ணா யாரு சாப்பிடுவா சொல்லுங்க.

படி 2: மன்றம் எந்த வகைன்னு தெரிஞ்சுக்குங்க

சில ஸ்கூல்ல தமிழ் நாடக விவாத மன்றம் முழு சிசிஏ (பாடத்துக்கு வெளியில பிள்ளைங்க எடுக்கிற இணைப்பாட நடவடிக்கை), சில இடத்துல தாய்மொழித் துறைக்குக் கீழ சும்மா ஒரு கிளப், சிசிஏ கணக்குல வராது. முழு சிசிஏன்னா லீப்ஸ் 2.0ன்னு சிசிஏவுக்கு மதிப்பீட்டுக் கணக்கு இருக்கு, தலைமைத்துவம், சாதனை, பங்கேற்பு, சேவைன்னு நாலு பக்கம், பங்கேற்புக்கு 75 சதவீத வருகை வேணும், அதனால பிள்ளைங்க வருவாங்க. கிளப் மட்டும்னா எல்லாருக்கும் வேற ஒரு சிசிஏ இருக்கும், ஒருத்தி என்பிசிசில (போலீஸ் கேடட்) டிரில் அடிச்சுட்டு வருவா, ஒருத்தி நெட்பால், ஒருத்தி கைட்ஸ், ஒருத்தி லீஜன் ஆஃப் மேரி செபக் குழு. அவங்கள செவ்வாய் வியாழன் ரெண்டு மணி நேரம் வான்னு சொல்ல முடியாது, தமிழ் வகுப்பு முடிஞ்ச கையோட அரை மணி நேரம் பிடிங்க, போதும்.

தமிழ் பிள்ளைங்க ரொம்பக் குறைவா இருக்கிற ஸ்கூல்ல தமிழ் பாடமே அங்க இருக்காது, பீட்டி ரோட்டுல இருக்கிற உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் மாதிரி இடத்துக்குப் போய்தான் படிப்பாங்க. அந்த ஸ்கூல்லயும் மன்றம் நடத்தலாம், ஆனா "தமிழ் பாடம் எடுக்கிறவங்க மட்டும்"னு போர்டு வச்சா ஆறு பேருக்கு மேல தேறாது. வீட்டுல தமிழ் பேசி ஸ்கூல்ல ஹிந்தி எடுக்கிற பிள்ளை, மலையாளி, தெலுங்கு பிள்ளை, லைட் போட ஆசைப்படுற சீனப் பிள்ளை, மேக்கப் நல்லா போடுற மலாய்ப் பிள்ளை, எல்லாரையும் சேத்துக்குங்க. எனக்குத் தெரிஞ்ச நல்ல ஸ்டேஜ் மேனேஜர்ல ஒருத்திக்கு தமிழ்ல தெரிஞ்சதே "வா", "போ", "சீக்கிரம்" மூணுதான், அது போதுமானதா இருந்துச்சு.

ஜனவரி சிசிஏ ஃபேர்ல பூத் போடுவீங்க. கோலம், குத்துவிளக்கு, பட்டுப்பாவாடை, எல்லாரும் செய்றதுதான், செய்யுங்க. ஆனா செக் ஒன் (செகண்டரி ஒன்) பிள்ளை நின்னு பாக்கணும்னா ஒரு நிமிஷ சீன் போடுங்க, அம்மா ரிப்போர்ட் புக் கேக்குறா, மக மழுப்புறா, அவ்வளவுதான். நடுவுல நிறுத்தி வேடிக்கை பாக்குற பிள்ளை கையில ஒரு வசனத்த கொடுத்து "நீ சொல்லு"ன்னு இழுத்து விடுங்க. அங்கயே பாதி ஆள் சேந்துரும்.

எக்ஸ்கோல தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் இருக்கட்டும். இதுக்கு மேல ஒரு பொறுப்பு ரொம்ப முக்கியம், யாரும் போடுறதில்ல: பொருள் பாத்துக்கிறவ. வேட்டி எத்தன, சேலை எத்தன, பிளாஸ்டிக் அருவா யார் வீட்டுல இருக்கு, ஸ்டோர் ரூம் சாவி யாருகிட்டன்னு எழுதி வைக்கிறவ. அமைதியா, கணக்கா இருக்கிற பிள்ளையா பாத்து கொடுங்க. அவ எழுதுற நோட்டுதான் பின்னாடி ஃபேர்வெல் அன்னிக்கு கை மாறப்போற முக்கியமான சாமான்.

படி 3: அனுமதி, காசு, போன்

இத சுருக்கமா முடிச்சிடுறேன். டீச்சர் இன்சார்ஜுக்குத் தெரியாம பத்து காசு கூட வசூல் பண்ணாதீங்க, பேநவ்ல (போன் வழியா காசு அனுப்புறது) போட்டு விடுங்கன்னு வாட்ஸ்அப் குரூப்ல சொல்றதும் வசூல்தான். லேட்டா வீட்டுக்குப் போற நாள் எல்லாத்துக்கும் பெத்தவங்களுக்கு ஸ்கூல் தகவல் அனுப்புற பேரண்ட்ஸ் கேட்வே ஆப்ல தகவல் போகணும். 2026லேர்ந்து செகண்டரி பிள்ளைங்க ஸ்கூல் நேரம் பூரா, சிசிஏ நேரத்துலயும், போன் தொடக் கூடாதுங்கிறதால ஒத்திகைய வீடியோ எடுக்கிற பழக்கமும் போச்சு, வேணும்னா டீச்சர்கிட்ட கேட்டு ஸ்கூல் கேமராலயோ ஐபேட்லயோ எடுக்கணும். எனக்கென்னவோ இது நல்லதாப் படுது, ஸ்க்ரிப்ட்ட போன்ல பாத்துப் படிக்கிறவ கண்ணே தூக்க மாட்டா, பேப்பர்ல அடிச்சுக் கொடுத்தா ரெண்டே வாரத்துல பேப்பர கீழ போட்டுருவா.

படி 4: ஸ்க்ரிப்ட்

பழைய ஸ்க்ரிப்ட் தூசி தட்டி எடுக்கலாம், வெளியில எழுதினவங்க நாடகம்னா அவங்க அனுமதி வேணும், அத டீச்சர் மூலமா கேளுங்க. ஆனா சொந்தமா எழுதுறதுதான் என் ஓட்டு. ஏ4 ஒரு பக்கம் வசனம் மேடையில சுமாரா ஒண்ணரை ரெண்டு நிமிஷம் ஓடும், இருபது நிமிஷ நாடகத்துக்கு பன்னெண்டு பக்கம் இருந்தா தாராளம். முதல் டிராஃப்ட் இருபத்தஞ்சு பக்கம் வரும், பயப்படாதீங்க, பாதிய வெட்டலாம். வெட்டுறப்ப முதல்ல போக வேண்டியது அறிவுரை வசனம். "இன்றைய இளையர்களே"ன்னு ஆரம்பிக்கிற எதுவா இருந்தாலும் கண்ண மூடிக்கிட்டு அடிச்சிடுங்க. கதையில வர்ற பாட்டி ரெண்டு நிமிஷம் தமிழோட பெருமையப் பேசுனா ஆடிட்டோரியத்துல இருக்கிற நிஜப் பாட்டிகளே தூங்கிருவாங்க.

என்ன கதைன்னு முழிக்கிறவங்களுக்கு, உங்க ஸ்கூலுக்குள்ளயே கதை இருக்கு. சிஎச்ஐஜே ஸ்கூல்னா, 1854ல நாலு சிஸ்டர்ஸ் விக்டோரியா ஸ்ட்ரீட்ல ஆரம்பிச்ச கான்வென்ட், வாசல்ல விட்டுட்டுப் போன குழந்தைங்கள எடுத்து வளத்த இடம், அந்தக் கதவுக்கு கேட் ஆஃப் ஹோப்னே பேரு. 1983ல ஸ்கூல் தோ பாயோவுக்கு மாறிடுச்சு, பழைய கட்டடம் இன்னிக்கு சைம்ஸ், கீழ சாப்பாட்டுக் கடை, அந்த பழைய சேப்பல்ல கல்யாணம் நடக்குது. இத வச்சு யோசிங்க: அங்க படிச்ச ஒரு தமிழ்ப் பாட்டிய பேத்தி பிறந்தநாள் டின்னருக்குக் கூட்டிட்டுப் போறா, பாட்டி மெனு கார்ட பாக்காம தூண எண்ணிக்கிட்டு இருக்காங்க. இதுல ஒரு நாடகமே இருக்கு. 1894ல வந்த கனோசியன் சிஸ்டர்ஸ் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு அவங்க கதை இருக்கு. பழைய மாணவிகள் சங்கத்துக்கு டீச்சர் மூலமா ஒரு ஈமெயில் போட்டா யாராவது ஒரு ஆன்ட்டி கண்டிப்பா பேச வருவாங்க, வந்தா நிறுத்தவே மாட்டாங்க, நோட்டு எடுத்து வைங்க.

தொடக் கூடாத இடம் சிலது. கன்னியாஸ்திரி உடுப்ப காமெடி வேஷமா போடாதீங்க. சாமியார் ஜோக், மௌல்வி ஜோக், பாதிரியார் ஜோக், எதுவும் வேணாம். மத நல்லிணக்கத்துக்கு 1990லேர்ந்து இங்க சட்டமே இருக்கு, அதைவிடப் பெருசு, உங்க ஹால்லயே நாலு மதத்துப் பிள்ளைங்களும் அவங்க அம்மாக்களும் உக்காந்திருப்பாங்க. கருப்பு நிறத்த வச்சு சிரிக்க வைக்கிற பழைய சினிமா காமெடி ட்ராக் ஒண்ணு எல்லா ஸ்க்ரிப்ட்லயும் எப்படியோ நுழைஞ்சிடும், அத பாத்தவுடனே தூக்குங்க. சிரிக்கிறது யாரோ, அழப்போறது செக் ஒன்ல ஒரு பிள்ளை.

படி 5: யாருக்கு எந்த வேஷம், முக்கியமா ஆம்பள வேஷம்

கேர்ள்ஸ் ஸ்கூல் நாடகத்தோட தனிச் சங்கதியே இதுதான், அப்பா, மாமா, தாத்தா, பஸ் டிரைவர், வில்லன் எல்லாம் நாமதான். நிறைய பேர் குரல தடிமனாக்கிப் பேசுவாங்க, பத்து நிமிஷத்துல தொண்ட கட்டி நாடகத்தன்னிக்கு குரலே வராது. குரல விட்டுருங்க, நடைய மாத்துங்க. கால கொஞ்சம் அகட்டி நிக்கிறது, உக்காரும்போது முழங்கால் ரெண்டும் விலகி இருக்கிறது, கைய வீசாம தொங்க விடுறது, பேசுறதுக்கு முன்னாடி ஒரு விநாடி தாமதம். வீட்டுல அப்பா வேலை விட்டு வந்து ஷூ கழட்டுறத ஒரு வாரம் உத்துப் பாருங்க. பொதுவா குனிஞ்சு ஒரு லேஸ இழுப்பாரு, இன்னொரு ஷூவ லேஸ் அவிழ்க்காமலேயே குதிகால்ல மிதிச்சு உருவுவாரு, அப்புறம் ஒரு பெருமூச்சு. அத அப்படியே மேடையில செஞ்சா வசனமே இல்லாம கைதட்டு வரும்.

மீசை விஷயம். ஒட்டு மீசை வேணாம், பசை அலர்ஜி ஆகி உதட்டுக்கு மேல சிவந்து போகும், வேர்வைல பாதி தொங்கும், ஹால்ல ஏசி இல்லன்னா சொல்லவே வேணாம். ஐப்ரோ பென்சில்ல சின்னச் சின்ன கோடா கீழ்நோக்கிப் போட்டு, விரல்ல லேசா தேச்சு, மேல பவுடர் ஒத்துங்க. மைய வச்சு ஒரே இழுப்பா இழுத்தா மூணாவது வரிசையிலேர்ந்து சாக்லேட் சாப்பிட்ட வாய் மாதிரிதான் தெரியும். வேட்டி, ஒட்டிக்கோ வெல்க்ரோ வச்சது வாங்குங்க, தேக்கா மாடியிலயும் சிராங்கூன் ரோட்டுலயும் கிடைக்கும், உள்ள பிஇ ஷார்ட்ஸ் கட்டாயம். சேலை அம்மாக்கள்கிட்ட கடன் வாங்குங்க, மடிப்ப முன்னாடியே எடுத்து பின் குத்தி இடுப்புப் பட்டியில தச்சு வச்சிட்டா ரெண்டு நிமிஷத்துல மாத்தலாம். யார் சேலைன்னு உள் ஓரத்துல சின்னதா மாஸ்கிங் டேப்ல பேர் எழுதி ஒட்டுங்க, பட்டுல நேரா ஒட்டாதீங்க, பின் பண்ணுங்க.

செக் ஃபோர் அக்காங்களுக்கு என்ன வேஷம்ங்கிறதுல ஒரு சங்கடம் வரும். கடைசி நாடகம்னு மெயின் ரோல் எல்லாம் அவங்களுக்கே கொடுத்துருவீங்க. நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஒரு பெரிய வேஷம் சீனியருக்கு, ஒண்ணு செக் த்ரீக்கு, ரெண்டு பேருக்கும் ஒரு நீளமான சீன் ஒண்ணா இருக்கிற மாதிரி ஸ்க்ரிப்ட்டயே திருத்திக்குவேன். மத்த சீனியர்ஸ் ஆளுக்கு ஒரு ஜூனியர கூட வச்சுக்கணும், லைட் அடிக்கிற அக்கா பக்கத்துல ஒரு செக் டூ, டைரக்ஷன் பண்ற அக்கா பக்கத்துல ஒரு செக் த்ரீ. ஒத்திகை பாதி தாண்டினதும் ஒரு நாள் அந்த அக்காங்கள லீவுல அனுப்பிட்டு ஜூனியர்ஸ் மட்டும் நடத்திப் பாக்கட்டும். சொதப்பும், பரவால்ல, எங்க சொதப்புதுன்னு அன்னிக்குத்தான் தெரியும், கேக்குறதுக்கு ஆள் இன்னும் ஸ்கூல்லயே இருக்காங்க.

படி 6: ஒத்திகை

எட்டு வாரம் வச்சுக்குங்க. முதல் ரெண்டு வாரம் வட்டமா உக்காந்து வாசிக்கிறது, உச்சரிப்பு அங்கயே சரி பண்றது, ல ள ழ, ன ண, மேடைக்குப் போன பிறகு திருத்துனா பிள்ளைக்கு வசனமே மறந்துடும். மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் எங்க நிக்கிறது, எங்க நடக்கிறது. ஆறாவது வாரம் பேப்பர் கையில இருக்கக் கூடாது. ஏழு, முழு ஓட்டம். எட்டு, லைட் சவுண்டோட. மார்ச் லீவுல ரெண்டு நாள் ஸ்கூல் கொடுத்தா பிடிச்சுக்குங்க.

ஸ்கூல் ஹாலுக்குன்னு ஒரு குணம் இருக்கு, மேல பெரிய ஃபேன் சுத்தும், மழை பெஞ்சா வசனம் கேக்காது, ஹெட்செட் மைக் ஆறு இருந்தா நாலுதான் வேலை செய்யும். அதனால மைக் இல்லாம கடைசி வரிசைக்குக் கேக்குதான்னு பழகுங்க. கத்தச் சொல்லல, வாக்கியத்தோட கடைசி வார்த்தைய முழுங்காம சொல்லச் சொல்றேன், தமிழ்ல வினைச்சொல் கடைசிலதான் வருது, அத முழுங்குனா வந்தானா போனானான்னே தெரியாது. பன்னெண்டு மணிக்கு ஸ்பீக்கர்ல மூவேளை செபம் வர்ற ஸ்கூல்னா ஒத்திகை நடுவுல அப்படியே அமைதியா நின்னுடுங்க, செபம் சொல்றவங்க சொல்லட்டும். பக்கத்துல சேப்பல் இருந்தா பறை, டோலக் வாசிக்கிற நேரத்த முன்கூட்டியே கேட்டு வைங்க.

படி 7: நாடகத்தன்னிக்கு

மேடைக்குப் பின்னாடி ஒரு நீள மேசை, மேல வெள்ளைப் பேப்பர், ஒவ்வொரு பொருளுக்கும் பேனால கட்டம் போட்டு உள்ள பேர் எழுதணும், கண்ணாடி, தட்டு, கடிதம், டிபன் கேரியர். எடுத்தவ அதே கட்டத்துல திருப்பி வைக்கணும். ஒரு கட்டம் காலியா இருந்தா என்ன காணோம்னு உடனே தெரியும். இது ஒண்ண மட்டும் ஒழுங்கா செஞ்சாலே பின்னாடி நடக்கிற சண்டையில பாதி குறையும்.

இங்கிலீஷ் சப்டைட்டில் கட்டாயம் போடுங்க. பிரின்சிபல், மத்த டீச்சர்ஸ், உங்க கிளாஸ் பிள்ளைங்க யாருக்கும் தமிழ் தெரியாது, அவங்க சிரிக்க வேண்டிய இடத்துல சிரிச்சாதான் மேடையில இருக்கிறவளுக்கு தெம்பு. பவர்பாயிண்ட்ல கருப்பு பின்னணி, வெள்ளை எழுத்து, ஒரு ஸ்லைடுக்கு ரெண்டு வரிக்கு மேல வேணாம், வசனத்த அப்படியே மொழிபெயர்க்காம சாரத்த மட்டும் போடுங்க. ஜோக்குக்கு பஞ்ச் லைன் ஸ்லைட மேடையில சொல்றதுக்கு முன்னாடி தட்டிடாதீங்க, ஹால் முன்கூட்டியே சிரிச்சிடும், நடிக்கிறவ குழம்பிடுவா. ஸ்லைட் தட்டுறவளுக்கு நல்ல தமிழ் தெரிஞ்சிருக்கணும், எல்லா ஒத்திகைக்கும் வந்திருக்கணும். எவளாவது வசனத்த தாண்டிப் போயிட்டா பதறி அம்புக்குறிய தட்டிக்கிட்டே இருக்காம, கீபோர்டுல பி எழுத்த அழுத்துங்க, திரை கருப்பாயிடும், இடத்தக் கண்டுபிடிச்சிட்டு மறுபடி அதையே அழுத்தினா திரும்பி வந்துரும்.

தொடங்குறதுக்கு முன்னாடி ஸ்கூல் வழக்கப்படி செபம் சொல்லுவாங்க. பிள்ளைங்க அவங்கவங்க சாமிய கும்பிட்டுக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சூடம் கொளுத்தி திருஷ்டி சுத்தணும்னு யாராவது அம்மா கேட்டா, ஹால்ல ஸ்மோக் டிடெக்டர் இருக்குன்னு பணிவா சொல்லிடுங்க.

படி 8: ஃபேர்வெல்

நாடகம் முடிஞ்சு ஒரு வாரம் ரெண்டு வாரத்துக்குள்ள. ரெண்டு மணி நேரம் போதும், அதுக்கு மேல போனா இழுவை. இத நடத்துறது செக் த்ரீ, பாக்குறது செக் ஃபோர். அக்காங்ககிட்ட "உங்களுக்கு என்ன வேணும்"னு கேட்டுக் கேட்டு அவங்களையே வேலை வாங்காதீங்க.

சாப்பாடு: ஹலால் கேட்டரிங், சைவம் தனி கரண்டியோட, மாட்டிறைச்சி வேணவே வேணாம். பீஹூன், வடை, கறிபஃப், பண்டோங், முடிஞ்சது. தேதிய முன்னாடி நகத்தி அது தவக்கால வெள்ளில விழுந்தா முழுசா சைவமாப் போட்டுருங்க, கத்தோலிக்கப் பிள்ளைங்க அன்னிக்கு கறி சாப்பிட மாட்டாங்க, மத்தவங்களுக்கும் ஒரு நஷ்டமும் இல்ல.

நிகழ்ச்சின்னா கட்டாயம் ஒரு கலாய் ஸ்கிட் இருக்கும், சீனியர்ஸ ஜூனியர்ஸ் நடிச்சுக் காட்டுறது. இதுதான் எல்லாரும் ஆவலாக் காத்திருக்கிறது, இதுலதான் பிரச்சினையும் வரும். ஒருத்தி பேசுற தோரணை, எப்பப் பாத்தாலும் பாட்டில தொலைக்கிறது, "ஓகே கைஸ்"னு நூறு தடவ சொல்றது, இதெல்லாம் சரி. உடம்பு, நிறம், மார்க்கு, குடும்பம், யாரோட சண்டை, எந்தப் பையன், இதெல்லாம் கிடையாது. டீச்சர மிமிக்ரி பண்றதா இருந்தா அந்த டீச்சர்கிட்டயே முன்னாடி காட்டுங்க, பெரும்பாலும் அவங்களே ரெண்டு பாயிண்ட் எடுத்துக் கொடுப்பாங்க. ஸ்கிட்ல எல்லா சீனியரும் ஒரு தடவையாவது வரணும். நாலு பேர மட்டும் கலாய்ச்சா அமைதியா இருந்த அஞ்சாவது அக்கா, நாலு வருஷம் ப்ராப்ஸ் தூக்குனவ, சிரிச்சுக்கிட்டே உக்காந்திருப்பா, வீட்டுக்குப் போய்தான் அழுவா.

மெழுகுவத்தி ஏத்தி வரிசையா கை மாத்துற சடங்கு நிறைய கான்வென்ட்ல உண்டு. பேட்டரி மெழுகுவத்தி வாங்குங்க, டைசோல கிடைக்கும். பூ வேணும்னா பஃபலோ ரோட்டுலயோ கேம்பல் லேன்லயோ முதல் நாளே சொல்லி வச்சு சின்ன மல்லிச் சரமா கட்டி வாங்குங்க, ஆனா யூனிஃபார்ம்ல தலைல பூ வைக்க ஸ்கூல் விடுமான்னு முதல்ல கேட்டுக்குங்க, பல இடத்துல விட மாட்டாங்க, கையில சுத்திக்கலாம். கான்ஃபெட்டி, கிளிட்டர் வேணாம், பொறுக்கப் போறது நீங்கதான்.

இப்ப கிஃப்ட். ஆளுக்கு அஞ்சு வெள்ளிக்கு மேல போகாதீங்க. முழு காஸ்ட் கையெழுத்துப் போட்ட ஸ்க்ரிப்ட் காப்பி ஒண்ணு, அவங்க சீன் இருக்கிற பக்கம் திறந்தா தெரியுற மாதிரி, இதுக்கு மேல நான் பாத்ததுல எதுவும் நின்னதில்ல. கப், கீ செயின் எல்லாம் மூணாம் மாசம் எங்க போகும்னே தெரியாது. டீச்சருக்கு விலை உயர்ந்த பொருள் வாங்காதீங்க, 50 வெள்ளிக்கு மேல போனா அவங்க அறிவிச்சாகணும், வீணா அவங்களுக்குத் தலைவலி. எல்லாரும் ஆளுக்கு நாலு வரி எழுதுன கார்டு போதும், தமிழ்ல எழுதுங்க, எழுத்துப்பிழைய தமிழ் டீச்சரே ரசிப்பாங்க, சிவப்புப் பேனா எடுத்தாலும் எடுப்பாங்க.

படி 9: ஒப்படைப்பு

சாப்பாட்டுக்கு முன்னாடி வைங்க, பின்னாடி வச்சா பாதி பேர் ட்யூஷனுக்குக் கிளம்பியிருப்பாங்க. மேடையில ஒவ்வொரு சீனியரும் தன் ஜூனியரக் கூப்பிட்டு பொருளா ஒண்ணக் கொடுக்கணும்: பொருள் நோட்டு, சாவிய கொடுத்த மாதிரி பாவனை பண்ணாம நிஜ சாவி, லைட் க்யூ ஷீட், டைரக்ஷன் குறிப்பு எழுதுன ஸ்க்ரிப்ட். கூடவே ஒவ்வொரு அக்காவும் ஒரு பக்கம் எழுதித் தரணும், தலைப்பு மூணே மூணு: எது நல்லா வந்துச்சு, எது வரல, யாரக் கேக்கணும். ஹால் சவுண்ட் சிஸ்டத்துல மூணாம் நம்பர் சானல் கரகரக்கும், ஹால் புக்கிங் எந்த ஆபீஸ் ஆன்ட்டிகிட்ட சொன்னா நடக்கும், எந்த செக்யூரிட்டி அங்கிள் ஆறரைக்கு மேல கத்த மாட்டாரு, இந்த மாதிரி விஷயம் எந்த ஃபைல்லயும் இருக்காது, அவங்க தலையிலதான் இருக்கு. கூகுள் டிரைவ் ஃபோல்டர் ஒரு சீனியரோட ஸ்கூல் அக்கவுண்ட்ல இருந்தா அவ ஸ்கூல விட்டுப் போனதும் அந்த அக்கவுண்ட்டும் போயிடும், அதனால அன்னிக்கே ஓனர்ஷிப்ப டீச்சர் பேருக்கு மாத்திடுங்க.

படி 10: அக்டோபர்

கிராஜுவேஷன ஸ்கூல் நடத்தும், பெரும்பாலும் ஒரு திருப்பலியோட (மாஸ்). உங்க மன்றத்துக்கு வேலை வந்தா, மன்றாட்டு (எல்லாருக்காகவும் வேண்டிக்கிற செபம்) ஒண்ண தமிழ்ல வாசிக்கச் சொல்லலாம், இல்ல காணிக்கைப் பவனில ஏதாவது கொண்டு போகச் சொல்லலாம். வாசிக்கிறவ முந்தின நாள் மைக்ல நின்னு பாத்துடணும். கத்தோலிக்கரா இல்லாத பிள்ளைங்க நன்மை (ஃபாதர் கொடுக்கிற அப்பம்) வாங்கக் கூடாது, வரிசைல போகணும்னு ஆசை இருந்தா ரெண்டு கையையும் மார்புல குறுக்கா வச்சுக்கிட்டுப் போனா ஃபாதர் ஆசீர்வாதம் மட்டும் கொடுப்பாரு, இல்ல இடத்துலயே உக்காந்திருக்கலாம், ரெண்டும் மரியாதைதான். முழங்கால் போடணும்னு கட்டாயமில்ல, எல்லாரும் நிக்கும்போது நின்னா போதும். முதல் தடவ வர்ற செக் ஒன் பிள்ளைங்களுக்கு இத முன்னாடியே சொல்லி வைங்க, பாவம், முன்னாடி இருக்கிறவ என்ன பண்றான்னு பாத்துக்கிட்டே முழிக்கும்.

பரீட்சைக்கு முன்னாடி அக்காங்க லாக்கர்ல ஒரு மிட்டாய் பாக்கெட், ஒரு சின்ன சீட்டு போட்டா போதும். டிசம்பர் ப்ராம், ஹோட்டல், டிரஸ் எல்லாம் அவங்க பேட்ச் விஷயம், அதுல மூக்க நுழைக்காதீங்க. உங்க வேலை நவம்பர் லீவுக்குள்ள அடுத்த வருஷத்துக்கு டெர்ம் 2 ஏழாவது வாரத்துல ஹால் வேணும்னு டீச்சர் மூலமா எழுதிக் கொடுக்கிறது. கொயர், பேண்ட், டான்ஸ் எல்லாரும் அதே வாரத்த கேப்பாங்க.